‘அக்கன்’ என்று சொன்னது குற்றமா, டீச்சர்?

கேள்வி

டீச்சர், எனக்கு 20 வயது. மலேசியாவின் கெடாவில் கோல கெட்டில் பக்கம் எங்கள் தோட்டம். போன அக்டோபரிலிருந்து ஒசாகாவில் ஒரு மொழிப் பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை தேறினேன், வரும் டிசம்பரில் அதற்கு அடுத்த நிலையான என்2 எழுத வேண்டும். மார்ச்சில் படிப்பு முடியும். அப்புறம் ஹோட்டல் துறைத் தொழிற்கல்லூரியில் சேர ஆசை.

வகுப்பில் ஆசிரியர் பேசுவது எல்லாம் புரிகிறது. பகுதி நேரமாக வேலை செய்யும் கடையில் வாடிக்கையாளர்கள் பேசினால் பாதிதான் புரிகிறது. அதே நேரத்தில் அந்தப் பேச்சு என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜூலையில் நேர்முகப் பயிற்சியின்போது வாய்தவறி ‘அக்கன்’ என்று சொல்லிவிட்டேன், ஆசிரியர் முகம் மாறிவிட்டது. தோக்கியோவில் இருக்கும் என் தோழி, “நீ டிவி காமெடி ஆள் மாதிரி பேசுகிறாய், சுத்தமான ஜப்பானியம் இங்கேதான், வந்துவிடு” என்கிறாள். பொங்கல் சமயத்தில் அவளிடம் போயிருந்தேன். இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாய் வட்டாரத்தில் தோசை சாப்பிட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது.

அக்டோபரில் தோக்கியோ பள்ளிக்கு மாறலாமா? இப்போது விடுமுறைக்கு வீட்டில் இருக்கிறேன். “ஓர் இடத்தில் நில்லு” என்கிறார் அம்மா. “டீச்சரைக் கேள்” என்கிறார் அப்பா. இந்த மாதக் கடைசிக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்

மகளே, அக்டோபரில் மாறாதே. மார்ச் வரை ஒசாகாவிலேயே இருந்து படிப்பை முடி. அதற்குப் பிறகும் தோக்கியோ மேல் ஆசை இருந்தால் தாராளமாகப் போ. பள்ளிக்குப் பதில் சொல்ல நாள் குறைவாக இருப்பதால் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களை இனி பொறுமையாகப் படி.

அந்த ‘அக்கன்’னிலிருந்து தொடங்குவோம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒசாகா வட்டாரத்தில் ‘அக்கன்’ என்றால் கூடாது, முடியாது, சரிப்படாது என்று அர்த்தம். தோக்கியோவில் அதற்கு ‘டமே’ என்பார்கள். ஒசாகா வார்த்தை வாயில் வந்ததால்தான் ஆசிரியர் முகம் மாறியது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ ‘டமே’ என்று சொல்லியிருந்தாலும் அவர் முகம் மாறித்தான் இருக்கும். இரண்டுமே கூட்டாளியிடம் பேசுகிற பேச்சு. நேர்முகத்தில் எதிரே இருப்பவரிடம் ‘தெஸ்’, ‘மஸ்’ என்று மரியாதையாக முடிக்காமல் பேசியதுதான் உறுத்தியிருக்கும். இந்தத் தப்பைத் தோக்கியோ திருத்தாது. அங்கே போய் இதையே தோக்கியோ வார்த்தையில் செய்வாய், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள நீ ஜப்பான் வரை போக வேண்டியதில்லை, கோல கெட்டிலே போதும். பள்ளிக்கூடத்து மலாய்க் கூட்டாளியை நீ எப்படிக் கூப்பிட்டாய்? ‘நீ’ என்பதற்கு ‘ஹாங்’ என்றுதானே? ‘அவர்கள்’ என்பதற்கு ‘டெப்பா’, ‘ஏன்’ என்பதற்கு ‘அவாட்’, ‘பெரிய’ என்பதற்கு ‘பெசாக்’. கெடாவில் பிறந்த எல்லாருக்கும் இது தாய்ப்பால் மாதிரி. ஆனால் எஸ்.பி.எம். பரீட்சைக் கட்டுரையில் ‘டெப்பா’ என்று எழுதினாயா? ‘மெரேகா’ என்றுதான் எழுதியிருப்பாய். தலைமையாசிரியரைப் பார்த்து ‘ஹாங்’ என்று கேட்டாயா? வாயே வந்திருக்காது, ஆசிரியரைக் கூப்பிடும் ‘சிக்கு’ என்றுதான் நின்றிருப்பாய். எந்த இடத்தில் எது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வீட்டில் தோட்டத்துத் தமிழ், தமிழ்ப்பள்ளியில் பாடநூல் தமிழ், சந்தையில் கெடா மலாய், பரீட்சைத் தாளில் இன்னொரு மலாய் என்று பத்து வயதுக்குள்ளேயே நாலு பேச்சுக்கு நடுவே நீ போய் வந்துகொண்டிருந்தாய். ஜப்பானிய மொழியில் இப்போது உன்னைக் கேட்பதும் இதே காரியத்தைத்தான்.

என் தலைமுறையில் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பலர், மலாய் போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தோம். பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போன நானும் உட்கார்ந்தவள்தான். கூடப் படித்த சீனப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே வகுப்பில் ஒருவர் பேசுவது ஒருவருக்கு விளங்காமல் விழித்தோம். அப்போது அது பெரிய அவமானமாக இருந்தது. பின்னாளில் ஜப்பானில் முதல் நாள் வகுப்பில் ஒரு வார்த்தையும் விளங்காமல் உட்கார்ந்தபோது பயமே வரவில்லை. ஏற்கெனவே ஒரு தரம் நடந்ததுதானே என்று இருந்தது.

நான் உனக்கு எதிர்த்திசையில் போனவள். 1990களில் தோக்கியோவில் படித்துவிட்டு, வேலைக்காக ஒசாகா வந்தேன். சேர்ந்த முதல் வாரம் ஒரு கூட்டம் முடிந்ததும் மேலாளர் மடக்கு நாற்காலிகளைக் காட்டி, “நவோஷிதோய்தே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் படித்த ஜப்பானியத்தில் ‘நவோசு’ என்றால் பழுதுபார்ப்பது. ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்து எந்தக் கால் ஆடுகிறது என்று பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. கடைசியில் கணக்குப் பிரிவில் போய்த் திருப்புளி கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், அந்தத் தளமே சிரித்தது. ஒசாகாவில் ‘நவோசு’ என்றால் எடுத்து உள்ளே வைப்பது! இன்னொரு நாள் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து ‘ஜிபுன்’ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். ‘ஜிபுன்’ என்றால் தான், தன்னை என்றல்லவா படித்திருந்தேன்? இவர் எதற்குத் தன்னைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார் என்று குழம்பிப் போனேன். அங்கே ‘ஜிபுன்’ என்று எதிரில் இருப்பவரையும் சொல்வார்கள்.

இவ்வளவையும் சொல்வது, வகுப்புக்கு வெளியே பாதிதான் புரிகிறது என்ற உன் வருத்தம் எனக்குப் பழக்கமானது என்பதற்காக. ஆனால் தோக்கியோ போனால் முழுசாகப் புரியும் என்று யார் சொன்னது? தோக்கியோக்காரரும் பாடநூல் மாதிரிப் பேசுவதில்லை. ‘வக்கராநாய்’ என்று நீ படித்ததை அவர்கள் ‘வக்கன்னாய்’ என்று விழுங்குவார்கள். ‘தபெதெ ஷிமாத்தா’ என்பது ‘தபெச்சாத்தா’ ஆகிவிடும். செந்தமிழ் கேட்கலாம் என்று சென்னைக்குப் போய் ஆட்டோ பிடித்த கதைதான். ஒசாகாவில் ‘வக்கராஹென்’, தோக்கியோவில் ‘வக்கன்னாய்’. இரண்டுமே உன் புத்தகத்தில் இல்லாதவை. ஒசாகாவில் பத்து மாதம் காதைத் தீட்டியிருக்கிறாய், தோக்கியோவில் மறுபடி முதலிலிருந்து தீட்ட வேண்டும்.

‘சுத்தமான ஜப்பானியம்’ என்று உன் தோழி சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று பள்ளிகளில் சொல்லித் தரும் பொதுமொழி, மெய்ஜி காலத்தில் (1868–1912) தோக்கியோவின் படித்தவர் பேச்சை அடிப்படையாக வைத்து உருவானது. அதற்கு முன் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அரசவை இருந்தது கியோத்தோவில். ஒசாகாவிலிருந்து அது ரயிலில் அரை மணி நேரம். அதனால் அந்த வட்டாரத்துக்காரர்கள் தங்கள் பேச்சைப் பட்டிக்காட்டுப் பேச்சாக நினைப்பதே இல்லை, தோக்கியோவுக்குக் குடிபோன பிறகும் பலர் அதை விடுவதில்லை. இரண்டு பேர் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் மன்சாய் ஒசாகாவில் தழைத்துத் தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் போனது. உன் பேச்சு அவளுக்கு காமெடி மாதிரிக் கேட்டதற்குக் காரணம் அதுதான். நக்கலாக எடுத்துக்கொள்ளாதே. அவள் மெக்டோனல்ட்ஸை ‘மக்கு’ என்று சொல்லும்போது நீயும் சிரித்துக்கொள்ளலாம். தோக்கியோவில் அதற்குச் செல்லப்பெயர் ‘மக்கு’, ஒசாகாவில் ‘மக்குதோ’.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் தோழி பக்கம் நியாயம் உண்டு. வார்த்தையை மாற்றுவது சுலபம், ஏற்ற இறக்கத்தை மாற்றுவது கஷ்டம். ‘ஹஷி’ என்ற சொல்லை எடுத்துக்கொள். தோக்கியோவில் முதல் அசை உயர்ந்து அடுத்தது தாழ்ந்தால் சாப்பிடும் குச்சி. தாழ்ந்து உயர்ந்தால் பாலம். ஒசாகாவில் இது அப்படியே தலைகீழ். ஒரு வருஷம் கடையில் நின்றால் இந்த ராகம் உள்ளே போய்விடும், போயிருக்கும். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, பேச்சின் போக்கிலேயே குச்சியா பாலமா என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பெண்ணின் ராகத்தை நேர்முகத்தில் யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை. ஆனாலும் மரியாதைப் பேச்சுக்கு ஒரே ராகத்தை வைத்துக்கொள்வது நல்லது. தினம் காலையில் பத்து நிமிஷம் என்.எச்.கே. செய்தியைக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல். நான் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும்போது முணுமுணுத்துக்கொண்டே போவேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், பரவாயில்லை.

சரி, இனி காசு கணக்கு. தோக்கியோவில் சம்பளம் கூடுதல் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். 2025 அக்டோபரில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு தோக்கியோவில் 1,226 யென், ஒசாகாவில் 1,177 யென். வித்தியாசம் 49 யென். மாணவர்கள் பள்ளி நாள்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த 28 மணி நேரத்தையும் முழுசாகச் செய்தாலும் வாரத்துக்கு 1,372 யென், நாலு வாரத்துக்கு 5,488 யென்தான் கூடுதலாகக் கிடைக்கும். தோக்கியோ வாடகை இதை ஒரே வாயில் விழுங்கிவிடும். அதற்கும் முன்னால் புது வீட்டுக்கு வைப்புத்தொகை, திரும்பி வராத ‘ரெய்கின்’, முகவர் கட்டணம் என்று மூன்று நாலு மாத வாடகையை மொத்தமாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாம். வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே நன்றி! மொழிப் பள்ளிக்கு முன்கூட்டிக் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. அப்பாவிடம் இதையெல்லாம் மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் அவர் முகத்தைப் பார்.

காகித வேலையும் உண்டு. பழைய நகராட்சியில் வெளியேறும் பதிவு, புது இடத்தில் 14 நாளுக்குள் குடியேறும் பதிவு. தேசிய மருத்துவக் காப்புறுதி நகராட்சி வழியாக நடப்பதால் அதையும் புதிதாகப் பதிய வேண்டும். பள்ளி மாறியதைக் குடிநுழைவுத் துறைக்கும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உனக்கு 20 ஆகிவிட்டதே, தேசிய ஓய்வூதியத்தில் பதிந்தாயா? கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம், வரும் கடிதங்களைப் பிரிக்காமல் மேசையில் அடுக்கி வைக்காதே. இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் உனக்கு அந்த வாரம் எந்த மாதத்தில் வரும்? என்2 டிசம்பர் முதல் ஞாயிறு. தொழிற்கல்லூரிகள் விண்ணப்பம் வாங்கத் தொடங்குவதும் இலையுதிர் காலத்தில்தான். விண்ணப்பத்தோடு மொழிப் பள்ளியின் வருகைச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் கேட்பார்கள். விசா நீட்டிப்பிலும் வருகைப் பதிவைப் பார்ப்பார்கள். பத்து மாதமாக உன்னைத் தெரிந்த ஆசிரியரை விட்டுவிட்டு, ஆறே மாதத்துக்காகப் புதுப் பள்ளியில் சேர்ந்து, உன் பெயரையே இன்னும் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருவரிடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்பாயா? அதோடு, கடைசி ஆறு மாதத்துக்கென்று மாறி வரும் மாணவரைப் பல பள்ளிகள் ஏற்பதே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். உன் கடிதத்தில் நான் நின்று படித்த வரி வேறு. நிஷி கசாயில் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அழுதேன் என்று எழுதியிருக்கிறாயே, அது. ‘அக்கன்’ பற்றி நாலு வரி எழுதிவிட்டு இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டாய். உண்மையான கேள்வி இதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உனக்குத் தோக்கியோவின் ஜப்பானியம் வேண்டாம், தோக்கியோவில் கேட்ட தமிழ்தான் வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாலு வீடு தள்ளி யார் சமைக்கிறார்கள் என்று வாசனையிலேயே தெரிந்துகொள்ளும் லயத்தில், தோட்டத்து வீட்டு வரிசையில் வளர்ந்த பிள்ளை. பக்கத்து அறைக்காரரின் முகம்கூடத் தெரியாத அடுக்குமாடியில் பத்து மாதம் இருந்திருக்கிறாய்.

ஆனால் நிஷி கசாய் போய் அங்கேயே தங்கிவிட்டால், வேலை முடிந்து வந்து தமிழில் பேசி, தமிழில் சமைத்து, தமிழில் தூங்குவாய். மனசு லேசாகும், என்2 பாரமாகும். ஒசாகாவிலிருந்து கோபே ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்திய வணிகக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கிற துறைமுக ஊர் அது. அங்கே 1935இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, 1985இல் கட்டிய ஜைனக் கோயில் இருக்கிறது, பருப்பும் மசாலாவும் விற்கும் கடைகள் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு போய் வா. தமிழ்க் குரல் உடனே காதில் விழும் என்று உறுதி சொல்ல மாட்டேன், சாம்பார் வைக்கச் சாமான் கிடைக்கும். அதை வைத்து வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிடு. ஜப்பானில் எனக்குக் கிடைத்த நல்ல நண்பர்கள் எல்லாரும் என் ரசத்தைக் குடித்து இருமியவர்கள்.

தோக்கியோவையும் போய்ப் பார். ஆனால் விருந்தாளியாகப் போகாதே. ஷின்கான்சென் அதிவேக ரயில் டிக்கெட் வாங்கக் காசைக் கரைக்க வேண்டாம். 500 கிலோமீட்டர்தான், இரவுப் பேருந்தில் ஏறினால் எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். தொழிற்கல்லூரிகள் திறந்த நாள் வைப்பார்கள், அந்தத் தேதி பார்த்துப் போ. காலை எட்டு மணி ரயிலில் ஒரு தரம் நெருக்கிக்கொண்டு ஏறிப் பார். நகரும் படிக்கட்டில் ஒசாகாப் பழக்கத்தில் வலப்பக்கம் நின்றால் பின்னால் வருபவர்கள் இருமுவார்கள், தோக்கியோவில் நிற்பது இடப்பக்கம். பிடித்திருந்தால் அடுத்த ஏப்ரலில் கல்லூரி மாணவியாகப் போகலாம். எப்படியும் அப்போது உனக்கு இடம் மாறத்தான் வேண்டியிருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரைப் பார்க்காமல் பாடத்தைப் பார். தொழிற்கல்லூரி முடித்து வேலை விசா கேட்கும்போது, படித்த பாடத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹோட்டல்தான் என்றால் ஹோட்டல் பாடமே எடு. ஹோட்டல் முன்மேசையில் பேசும் மரியாதைப் பேச்சு தோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஒன்றேதான், உள்ளே ஊழியர் அறையில்தான் ஊர்ப்பேச்சு. மலாய், ஆங்கிலம், தமிழ், ஜப்பானியம் நான்கும் தெரிந்த பெண்ணுக்குக் கியோத்தோ, நாரா, ஒசாகா வட்டாரமும் நல்ல இடம்தான், அதை ஒதுக்கிவிடாதே.

கடைப் பேச்சு புரியாததற்கு எனக்குப் பலித்த வழி ஒன்று உண்டு. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று கட்டமாகக் கோடு போடு. முதல் கட்டத்தில் கடையில் காதில் விழுந்தது. ‘நம்போ’ என்று யாராவது கேட்டால் அதை எழுது. இரண்டாவதில் அதற்குப் புத்தகத்தில் உள்ள சொல், ‘இக்குரா’. மூன்றாவதில் இதையே ஒரு ஹோட்டல் மேலாளரிடம் நீ எப்படிக் கேட்பாய் என்று முழு வாக்கியம். வாரம் ஐந்து போதும். வெள்ளிக்கிழமை ஆசிரியரிடம் காட்டு, அந்த முகம் மாறிய ஆசிரியரிடமே காட்டு. மூன்றாவது கட்டத்தை அவர் திருத்தித் தருவார். அந்தத் திருத்தம்தான் உன் நேர்முகப் பயிற்சி.

விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் சும்மா நின்று கேள். நம் ஆள்கள் மீன்காரரிடம் என்ன மலாய் பேசுகிறார்கள், அதே வாய் தபால் நிலைய முகப்பில் எப்படி மாறுகிறது என்று. ஒசாகாவுக்குத் திரும்பிய பிறகு காது வேறு மாதிரி வேலை செய்யும்.

அம்மாவைப் பற்றி ஒன்று. தோட்டம் கைமாறி, கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு, லயத்தைக் காலி செய்யச் சொன்ன காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சுவர்கூட இல்லை. “ஓர் இடத்தில் நில்லு” என்று அம்மா சொன்னதை அந்தக் காதால் கேள், கோபம் வராது. மார்ச் வரை ஒசாகா, ஏப்ரலில் எங்கே என்று டிசம்பரில் தெரியும் என்று தேதி போட்டுச் சொல். தேதி தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பயணத்துக்கு அவர் நெத்திலிச் சம்பல் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள், கடையில் விற்கும் மூடிய பொட்டலமாக மிளகாய்ப்பொடியும் கொண்டுபோ. கோழிச் செருண்டிங் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. இறைச்சி சேர்ந்தது எதுவாக இருந்தாலும் ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பொட்டலத்தைப் பிரித்து, அதிகாரி மரியாதையாக ‘டமே தெஸ்’ என்பார்.